மேல் வரிசைக்கு மட்டும் கோபுரம்

சம்பந்தியம்மா,

இன்று காலையில் பாப்பாரப்பட்டி அறுவை மில்லிலிருந்து புது பேலட்டுகள் வந்து இறங்கின. அடியில் கட்டை, மேலே பலகை அடித்த அந்தத் தட்டுகளை ஊரே பேலட் என்றாலும் நீங்கள் மட்டும் கடைசி வரைக்கும் ‘மணை’ என்றுதான் சொன்னீர்கள். மரத்தில் இன்னும் ஈரம் காயவில்லை. ஷெட்டுக்குள் அடுக்கியதும் தைல மர வாசனை குப்பென்று மூக்கில் ஏறியது. இறக்கிக்கொண்டிருந்த டிரைவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “என்னாங்கம்மா, அழுவறீங்களா?” என்றார். “மரத்து நெடிங்க” என்றேன். அவர் நம்பவில்லை. நம்பினால் என்ன, நம்பாவிட்டால் என்ன.

போன ஆடியில் போனீர்கள். இறந்தவர்களுக்கு எழுத உட்காருகிறவர்கள் எல்லாம் முதல் வரியிலேயே மன்னிப்புக் கேட்டுவிடுகிறார்கள். நான் கேட்கப்போவதில்லை. நமக்குள் நடந்த சண்டையில் நான் சொன்னது சரி. அன்றைக்கும் சரி, இன்றைக்கும் சரி. நீங்கள் சொன்னதிலும் ஒரு சரி இருந்தது என்பது வேறு விஷயம். அதற்கு மெதுவாக வருகிறேன்.

என் ஊர் இண்டூர். உங்கள் ஊர் பாலக்கோட்டுக்கும் அந்தப் பக்கம், வீட்டுக்குள் கன்னடமும் வாசலில் தமிழுமாகப் பேசுகிற ஊர். என் மகளும் உங்கள் மகனும் தாங்களாகவே பேசி முடித்துக்கொண்டு நம் முன்னால் வந்து நின்றார்கள். சரி, ஆனது ஆகிவிட்டது என்று நிச்சயதார்த்தத்துக்கு நாள் பார்த்தோம். சீர்த்தட்டுகளை நான்தான் வேனில் ஏற்றினேன். மாங்கூழ் ஆலையில் பேக்கிங் பக்கம் பல வருஷம் நின்றவள் நான். ஒரு சாமானைப் பார்த்தால் அதன் அழகு எனக்குத் தெரியாது. அதை எதன்மேல் எப்படி வைத்தால் நசுங்காமல் போய்ச் சேரும் என்றுதான் கண் போகும். தட்டுக்குத் தட்டு நடுவில் அட்டை வைத்து, பழங்களை விளிம்புக்கு மேல் எழும்பாமல் பரப்பி, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக் கொண்டுவந்தேன். ஒரு வாழைப்பழத்தில்கூட கறுப்பு விழவில்லை.

நீங்கள் துணியை விலக்கிப் பார்த்தீர்கள். உங்கள் பக்கத்துப் பெண்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். “தட்டுல கோபுரத்தக் காணமே?” என்றீர்கள்.

“கோபுரம் பாக்கணும்னா கோயிலுக்குப் போலாங்க. இது வேன்ல வந்த தட்டு” என்றேன்.

என் அண்ணன் என் முதுகில் கிள்ளினார். பெண்ணைக் கொடுக்க வந்தவள் மாப்பிள்ளையைப் பெற்றவளிடம் பேசுகிற பேச்சா அது! நீங்கள் என்னை மேலும் கீழும் பார்த்தீர்கள். பிறகு உங்கள் நாத்தனாரிடம் கன்னடத்தில் ஏதோ சொன்னீர்கள். பெண்கள் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தட்டு நிறையாவிட்டால் போகிறது, வாய் நிறைய இருக்கிறது என்று சொன்னதாக என் மகள்தான் பிறகு சொன்னாள். அன்றைக்கே எனக்கு உங்களைப் பிடித்துப்போயிற்று. அதை உங்களிடம் சொன்னதில்லை, சொல்லுகிற மாதிரி நீங்களும் ஒரு நாள்கூட நடந்துகொண்டதில்லை.

உங்கள் வீட்டில் எதுவும் விளிம்போடு நிற்காது. கேழ்வரகு அளந்தால் படிக்கு மேலே குவியும். களி உருண்டை வட்டிலை விட்டு வெளியே எட்டிப் பார்க்கும். பரிமாறுகிறவர் யாராக இருந்தாலும் பின்னாலிருந்து உங்கள் குரல் வரும்: “இன்னூ ஸ்வல்ப ஹாக்கம்மா.” இன்னும் கொஞ்சம் போடம்மா என்று. சாப்பிடுகிறவன் வயிறு வெடித்தாலும் உங்களுக்குக் கவலையில்லை.

தக்காளிக் கூடையும் அப்படித்தான். பிளாஸ்டிக் கூடை நிறைந்த பிறகுதான் உங்கள் வேலையே ஆரம்பிக்கும். பெரிய பழங்களை வெளி வட்டத்தில் காம்புப் பக்கம் உள்ளே பார்க்க வைத்து, அதற்கு மேலே கொஞ்சம் சிறியது, அதற்கு மேலே இன்னும் சிறியது என்று சுற்றிச் சுற்றிக் கட்டுவீர்கள். உச்சியில் ஒற்றைப் பழம். கூடையைத் தூக்கி நடந்தாலும் அது உருளாது. பாலக்கோடு மண்டியில் உங்கள் கூடையைத் தூரத்திலிருந்தே அடையாளம் சொல்வார்களாமே. அதில் உங்களுக்கு இருந்த பெருமையை நான் கேலி செய்திருக்கிறேன். பொய் சொல்வானேன், அந்தக் கை எனக்கு வராது.

அதற்கு ஒரு காரணமும் இருந்தது. ஒரு சாயங்காலம் கொட்டகையில் பழம் பிரித்துக்கொண்டிருந்தபோது நீங்களே சொன்னீர்கள். நீங்கள் கல்யாணமாகி வந்த புதிதில் மழை பொய்த்து, தோட்டம் காய்ந்து, இருந்த பழத்தை விளிம்பு மட்டத்துக்கு நிரப்பி மண்டிக்கு அனுப்பினீர்கள். ஏலம் கூவினவர் உங்கள் மாமனார் முன்னாலேயே கூடைமேல் உள்ளங்கையால் தட்டி, “தலவெட்டிக் கூடை, வாங்குறவங்க வாங்கிக்கங்க” என்று கத்தினார். அதற்குப் பிறகு கொஞ்ச காலத்துக்கு உங்கள் வீட்டுக்கே ‘தலவெட்டி வூடு’ என்று பெயர். உங்கள் வீட்டுக்காரர் சந்தைக்குப் போவதையே விட்டுவிட்டார். “அந்தப் பேர் போகணும்னுதான் கோபுரம் கட்டக் கத்துக்கிட்டன். இனிமே செத்தாலும் என் கூடைக்குத் தலை இருக்கும்” என்றீர்கள்.

ஆனால் லாரி வாடகைக்கு இதெல்லாம் தெரியாதே.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். நம் பக்கத்துத் தோட்டக்காரர்களுக்கு அது பழமொழி இல்லை, வருஷா வருஷம் நடக்கிற கதை. பழம் ஏராளமாகக் காய்த்தால் மண்டியில் விலை விழும். பறிகூலிக்கும் காணாமல் ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போவார்கள். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் மாப்பிள்ளை எர்ணாகுளத்தில் ஒரு மொத்த வியாபாரியைப் பிடித்தார். பத்துப் பதினைந்து குடும்பம் சேர்ந்து குழுவாக நேரே அனுப்புவது என்று முடிவாயிற்று. நல்ல விலை. ஆனால் வாடகை நம் தலையில்.

முதல் லோடு நினைவிருக்கிறதா? எல்லாக் கூடையும் உங்கள் முறைப்படி கோபுரம். ஆட்கள் லாரிக்குள் கூடைமேல் கூடையாக அடைத்துத் தார்ப்பாயை இழுத்துக் கட்டினார்கள். நான் வேண்டாம் வேண்டாம் என்று கத்தினேன். உங்கள் கொழுந்தனார், “நீங்க மாங்கூழ் பாத்தவங்க, இது மாம்பழம் இல்ல, தக்காளி” என்றார். எர்ணாகுளத்தில் திறந்தால் கீழ்க் கூடைகள் எல்லாம் ரசம். மேல் கூடையின் அடிப்பாகம் கீழ்க் கூடையின் கோபுரத்தை நசுக்கி, அந்தச் சாறு வழிந்து, அதற்கும் கீழே இருப்பதையும் கெடுத்து, லாரியே புளித்துப்போயிருந்தது. நசுங்கினதைத் தனியாகப் பிரிக்கிற வரைக்கும் லாரி அங்கேயே காத்துக் கிடந்தது. காத்துக் கிடந்ததற்கும் வாடகை. வந்த காசில் லாரிக்காரருக்குக் கொடுத்ததுதான் மிச்சம். இன்னொரு தடவை இப்படி வந்தால் இறக்கவே மாட்டோம் என்று வியாபாரி சொல்லி அனுப்பினார்.

அன்றைக்கு உங்கள் வாசலில் நின்று நான் சொன்னேன்: “கூடைய விளிம்புக்குக் கீழ நிறுத்துங்க. பேலட் அடிச்சுத் தரன். அது மேல அடுக்கினா மொத்தமா இழுத்து இறக்கிடலாம். லாரி நிக்காது. நின்னாத்தான காசு?”

“தல இல்லாத கூடைய என் கையால அனுப்ப மாட்டன்.”

“அப்ப ரசமாத்தான் அனுப்புவீங்களா?”

“ரசமானாலும் அது நிறைஞ்ச கூடை.”

இப்படி ஒரு பிடிவாதத்தை நான் என் ஜென்மத்தில் பார்த்ததில்லை. ஒரு வாரம் நாம் பேசிக்கொள்ளவில்லை. நடுவில் என் மகள்தான் திண்டாடினாள். மண்டிக்காரர்களுக்கோ கொண்டாட்டம். அந்தப் பொம்பளைங்க தலவெட்டிக் கூடை அனுப்பப் போறாங்களாம் என்று டீக்கடையில் பேச்சு. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? தலவெட்டி என்ற சொல் திரும்ப உங்கள் காதில் விழுந்ததே, அன்றைக்கு நீங்கள் சாப்பிடவில்லை என்று மகள் போனில் சொன்னாள். ஆனாலும் நான் இறங்கி வரவில்லை. வந்திருந்தால் அடுத்த லோடும் ரசம்தான். குழுவும் அன்றைக்கே கலைந்திருக்கும்.

கடைசியில் சோதனை வைத்தது நீங்கள்தான். “பேசினா தீராது. அடுக்கிப் பாப்பம்” என்று ஆள் அனுப்பினீர்கள். டிராக்டர் டிரெய்லரில் நான் கொண்டுவந்த முதல் மணை. அதன் ஒரு பாதியில் உங்கள் கோபுரக் கூடைகள், மறு பாதியில் என் மட்டக் கூடைகள், ஒன்றன்மேல் ஒன்றாக ஆள் உயரத்துக்கு. உங்கள் கொழுந்தனார்தான் டிராக்டர் ஓட்டினார். ஏரிக்குப் போகிற கல் பாதையில் போய்த் திரும்பச் சொன்னீர்கள். ஊரே பின்னால் நடந்தது. நீங்கள் மட்டும் கொட்டகையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தீர்கள்.

திரும்பி வந்து பிரித்தபோது உங்கள் பக்கத்திலிருந்து சாறு சொட்டிக்கொண்டிருந்தது. என் பக்கம் உலர்ந்து கிடந்தது. நீங்கள் எழுந்து வந்து நசுங்கின கூடைக்குள் கையை விட்டுப் பார்த்தீர்கள். “என் கூடைய என் கூடையே இடிச்சிருக்குது” என்றீர்கள். உங்கள் முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. ஜெயித்த மாதிரியே இல்லை.

சரி, இதோடு முடிந்தது என்று நான் நினைத்தேன். நீங்களாவது, முடிப்பதாவது! முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே டிரெய்லரைச் சுற்றி வந்தீர்கள். மேலே அண்ணாந்து பார்த்தீர்கள். உங்கள் பக்கத்தில் உச்சியிலிருந்த கூடைகளின் கோபுரம் மட்டும் குலையாமல் அப்படியே நின்றது.

“அதுங்க மேல ஒண்ணும் இல்லயே. அது எதுக்குத் தலைய வெட்டிக்கணும்?”

“கயிறு அமுத்தும்ங்க. தார்ப்பாய் அமுத்தும்.”

“அமுத்தாத மாதிரி நீங்க செய்யுங்க. நீங்கதான் கெட்டிக்காரி ஆச்சே. மேல இருக்கறவங்களுக்குப் பாரம் கிடையாது. அவங்களாச்சும் தாராளமா இருக்கட்டும்.”

அதற்குப் பிறகும் மூன்று நாள் சண்டை போட்டேன். உயரம் கூடும், உருளும், பாதியில் சரியும் என்று ஆயிரம் சொன்னேன். நீங்கள் கேட்டால்தானே? வேறு வழியில்லாமல் நாற்றுப் பண்ணையிலிருந்து பழைய நிழல் வலை வாங்கி வந்தேன். மணையின் நாலு மூலைக்கும் கோபுரத்தைவிட உயரமாக மூங்கில் நட்டு, கயிறு மூங்கிலில் உட்காருகிற மாதிரி கட்டிக் காட்டினேன். உள்ளே பழங்களை வலை மட்டும் தொட்டும் தொடாமலும் பிடித்திருந்தது. அடிக் கூடைகளில் விளிம்புக்கு மேல் எழும்பின பழத்தையெல்லாம் எடுத்து மேல் வரிசைக்கு ஏற்றுவது என்று பேசி முடித்தோம். பழம் குறையவில்லை, இடம் மாறியது, அவ்வளவுதான். மேல் வரிசையை மட்டும் வேறு யாரும் தொடக்கூடாது என்று ஒரு நிபந்தனை போட்டீர்கள். அது உங்கள் கை.

கூடைகளை மணைமேல் வைப்பதிலும் நான் விடவில்லை. ஒரு பக்கம் இரண்டு கூடை நெடுக்காக, மறு பக்கம் மூன்று கூடை குறுக்காக. மணை முழுக்க மூடிவிடும், ஒரு விரல் இடம் மிச்சம் இருக்காது. லாரிக்குள்ளும் ஒரு மணை நெடுக்கு, பக்கத்து மணை குறுக்கு. இரண்டையும் ஒரே மாதிரி வைத்தால் நடுவில் சந்து விழுந்து வளைவில் ஆடும். இப்படி மாற்றி வைத்தால் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குச் சரியாக அடைத்துக்கொள்ளும். முன்னைவிட அதிகக் கூடை ஏறியது. நீங்கள் கீழே நின்று பார்த்துவிட்டு, “வீடு கட்டறவன்கூட இப்பிடிப் பாத்துப் பாத்து வெக்க மாட்டான்” என்றீர்கள். நீங்கள் என்னைப் புகழ்ந்ததாக எனக்கு நினைவிருக்கிற ஒரே வார்த்தை அதுதான். பத்திரமாக வைத்திருக்கிறேன்.

அந்த லோடோடு நாமும் போனோம். இரண்டு சம்பந்திகள் லாரிக் கேபினில் ஏறிப் போனதை உலகத்தில் யாராவது பார்த்திருப்பார்களா? தொப்பூர் கணவாய் இறக்கத்தில் டிரைவர் கியரைக் குறைத்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். “சம்பந்தியம்மா, உங்க மணை ஆடுதா?”

“ஆடலீங்க.”

“அப்ப நாந்தான் ஆடறன்.”

டிரைவர் சிரித்த சிரிப்பில் எனக்குத்தான் பயம் வந்தது, ரோட்டைப் பாருங்க என்று அதட்டினேன். கணவாய் முடிந்து சமதளம் வந்த பிறகும் நீங்கள் கையை விடவில்லை.

எர்ணாகுளம் கிடங்கில் லாரியைத் திண்டோடு ஒட்டி நிறுத்தினார்கள். சக்கரம் வைத்த கைவண்டி ஒன்று உள்ளே நுழைந்து, மணையின் அடியில் இரும்பு முள்ளைச் சொருகி, ஒரு மணைக் கூடைகளை மொத்தமாக இழுத்து வந்தது. கல்யாண வீட்டில் மாப்பிள்ளை ஊர்வலம் பார்ப்பது போல் நீங்கள் வாய் பிளந்து பார்த்தீர்கள். சரக்குப் பார்க்கிற ஆள் தமிழ் தெரிந்த மலையாளி. அடிக்கூடை ஒன்றை உருவிப் பார்த்து, நசுங்கல் இல்லை என்று தலையாட்டினார். மேலே பார்த்ததும் முகம் சுளித்தார். “இது என்ன அம்மா, விளிம்புக்கு மேல? ரூல் படி கூடாது. எடுத்துடுங்க.”

நீங்கள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றீர்கள். “எடுக்க மாட்டன். வேணாம்னா உங்க வூட்டுக்கு எடுத்துட்டுப் போங்க. சம்சாரத்துகிட்ட பாலக்கோட்டுப் பழம்னு சொல்லுங்க.”

அவர் என்னைப் பார்த்தார். நான் உங்களுக்காகப் பரிந்து பேசுவேன் என்று நானே எதிர்பார்க்கவில்லை. “எடை போட்டுக்குங்க சார். எடைக்குத்தான காசு. அதுல நசுங்கல் ஒண்ணு காட்டுங்க, எல்லாத்தையும் எடுத்துடறன்” என்றேன். அவர் தேடினார். கிடைக்கவில்லை. சிரித்துவிட்டார். நாம் டீ குடித்து முடிப்பதற்குள் லாரி காலி. டிரைவர் அன்றைக்கே தேங்காய்நார் ஏற்றிக்கொண்டு சேலம் பக்கம் திரும்புகிறேன் என்றார். திரும்பி வரும்போதும் சரக்கு இருந்தால் நம்மிடம் கேட்கிற வாடகை தானாகக் குறைகிறது. அந்தச் சீசனில் யாரும் ரோட்டில் பழம் கொட்டவில்லை. உங்கள் வீட்டுக்காரர் பாலக்கோட்டுச் சந்தைக்குத் திரும்பப் போக ஆரம்பித்தார்.

பிறகு உங்களுக்கு வந்த நோவு. சர்க்கரை என்றார்கள், சிறுநீரகம் என்றார்கள். தர்மபுரி ஆஸ்பத்திரியில் உங்களைப் பார்க்க வந்தபோது நீங்கள் முறையிட்டது நோவைப் பற்றி இல்லை. “கஞ்சிய கரண்டில தட்டித் தட்டி அளந்து ஊத்தறாங்க சம்பந்தியம்மா. உங்க ஆளுங்க போலக்குது” என்றீர்கள். நான் சிரித்தேன். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். அதுதான் நாம் கடைசியாகப் பேசியது.

கருமாதி முடிந்து முதல் லோடு ஏற்றுகிற நாள். ஷெட்டுக்குள் நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். குழுவில் இருந்த எல்லாருடைய கூடையும் கோபுரம். அடிக்கு, நடுவுக்கு, மேலுக்கு என்று பிரிவே இல்லை, இருக்கிற அத்தனையும். உங்கள் கொழுந்தனார் கண் சிவந்து நின்றார்.

“அண்ணி பேர்ல இந்த ஒரு லோடு. எல்லாம் கோபுரம். அடுத்த லோடுல இருந்து நீங்க சொல்றபடி.”

“முடியாதுங்க” என்றேன்.

அந்த இடத்தில் அப்படிச் சொல்ல எனக்கு எவ்வளவு திராணி வேண்டியிருந்தது என்று உங்களுக்குத்தான் தெரியும். எல்லாரும் அழுதுகொண்டு நிற்கிறார்கள். என் மகள் வாழ்கிற வீடு அது. நான் வாயைத் திறந்தால் நாளைக்கு அவளைப் பேசுவார்கள். வாயை மூடிக்கொண்டால் லாரி நிறைய ரசம் போகும், வியாபாரி கதவைச் சாத்துவார், இத்தனை குடும்பமும் திரும்ப மண்டி வாசலில் போய் நிற்கும். உங்கள் பெயராலேயே அது நடக்கும்.

“பொண்ணு குடுத்த எடத்துல வந்து அதிகாரம் பண்றீங்களா?” என்றார்.

“பொண்ணும் குடுத்தன், மணையும் குடுத்தன். ரெண்டும் நல்லா இருக்கணும்னு கேக்க எனக்கு வாய் இருக்குது. அவங்க பேரைச் சொல்லிக்கிட்டு அவங்க ஊருப் பழத்த நசுக்காதீங்க.”

“செத்தவங்களுக்கு ஒரு மரியாத வேண்டாமா?”

“வேணும். அது மேல் வரிசைல. அவங்களே காட்டின எடம். அடில வெக்க அவங்க சம்மதிக்கல, அவங்க மேல ஆணையா சொல்றன்.”

அவர் தன் கூடையைத் தூக்கி மணைமேல் வைத்தார். நான் அதன் மறு விளிம்பைப் பிடித்தேன். அவரும் விடவில்லை, நானும் விடவில்லை. வயசான காலத்தில் பழக்கூடையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நிற்கிறோமே என்று வெட்கமாகத்தான் இருந்தது. அதற்காக விட்டுவிட முடியுமா?

அப்போது என் மகள் வந்தாள். இத்தனை வருஷத்தில் நம் சண்டையில் அவள் ஒரு பக்கம் சாய்ந்ததில்லை. உங்கள் கொழுந்தனாரிடம் மெதுவாகச் சொன்னாள்: “சின்ன மாமா, அன்னிக்கு டிராக்டர் ஓட்டினது நீங்கதான. இன்னொரு தடவ ஏரி வரைக்கும் போய்ட்டு வரலாமா? என் கூடைய என் கூடையே இடிச்சிருக்குதுன்னு அத்தை அன்னிக்குச் சொன்னத நீங்கதான் பக்கத்துல நின்னு கேட்டீங்க.”

அவர் கை தளர்ந்தது. கூடையை விட்டுவிட்டு முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார். அதன்பிறகு ஒருவரும் தடுக்கவில்லை. ஒவ்வொரு கூடையிலிருந்தும் கோபுரத்தை நானும் மகளும் எடுத்தோம். நெடுக்காக இரண்டு, குறுக்காக மூன்று. அடி வரிசை, அதற்கு மேல், அதற்கும் மேல். மேல் வரிசை தவிர லாரி நிறைந்தது. எடுத்த பழங்கள் தார்ப்பாயில் குவிந்து கிடந்தன.

மேல் வரிசை வந்ததும் எல்லாருடைய கையும் நின்றுவிட்டது. யாரும் ஏறவில்லை. “அது அண்ணி கை ஆச்சே” என்றார் உங்கள் கொழுந்தனார். மகள் என்னைப் பார்த்தாள். மற்றவர்களும் என்னைத்தான் பார்த்தார்கள்.

ஏறினேன், சம்பந்தியம்மா. என் வாழ்நாளில் ஒரு பண்டத்தையும் விளிம்புக்கு மேலே ஏற்றாதவள் ஏறினேன். முதல் சுற்று நின்றது. இரண்டாவது சுற்றில் எல்லாம் உருண்டு லாரிக்கு வெளியே தரையெல்லாம் ஓடியது. கீழே யாரோ சிரித்தார்கள். சாவு வீட்டுக்காரர்கள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். “பெருசு வெளிய! காம்பு உள்ள பாத்து வைங்க!” என்று உங்கள் கொழுந்தனார் கத்தினார். “தெரியும், சும்மா இருங்க” என்று நானும் கத்தினேன். எனக்கு ஒன்றும் தெரியாது. எப்படியோ கட்டினேன். ஒரு கூடையைப் போல ஒரு கூடை இல்லை. ஒன்று இந்தப் பக்கம் சாய்ந்தால் ஒன்று அந்தப் பக்கம். வலையைப் போட்டுக் கட்டிவிட்டு இறங்கினேன்.

மறுநாள் எர்ணாகுளத்திலிருந்து மாப்பிள்ளைக்குப் போன் வந்தது. அதே சரக்குப் பார்க்கிற ஆள். பழம் சுத்தமாக வந்து சேர்ந்தது, அடியில் ஒரு நசுங்கலும் இல்லை என்றாராம். பிறகு கேட்டாராம், “மேல் கூடை இந்தத் தடவை வேற கை மாதிரி இருக்கே? அந்த அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா?”

மாப்பிள்ளை போனை என்னிடம் நீட்டினார்.

“அவங்க இல்லீங்க சார். இனிமே இந்தக் கைதான்” என்றேன்.

“சரிங்கம்மா. அனுப்புங்க” என்றார்.

அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறேன். ஒவ்வொரு லோடுக்கும் நானே ஏறுகிறேன். இன்னும் கோணல்தான், உச்சியில் ஒற்றைப் பழம் நிற்பதற்கே எனக்கு மூன்று தடவை ஆகிறது. நீங்கள் இருந்தால் கீழே நின்று குறை சொல்லித் தீர்த்திருப்பீர்கள். சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். மேல் வரிசையில் என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள். அடி வரிசையில் மட்டும் நீங்களே திரும்பி வந்தாலும் கை வைக்க விட மாட்டேன்.